பழைய ஃபேன், பழைய தையல் மிஷின், பழைய ஃப்ரிட்ஜ்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்கலாம்?

“அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா?” என்று சொல்வதில் பாதிதான் உண்மை. அந்தக் காலத்தில் வாங்கியதில் பெரும்பகுதி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. தப்பிப் பிழைத்த நாலு பொருளை வைத்துக்கொண்டு மொத்தக் காலத்துக்கும் சான்றிதழ் கொடுக்கிறோம். ஆனால் பிழைத்தவற்றைக் கழற்றிப் பார்த்தால் காரணம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. தேயும் பாகம் தனியாகக் கழன்று வரும், அதே அளவில் புதுப் பாகம் இன்றும் கிடைக்கும், கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவரும் இரண்டு ஸ்பேனரும் போதும். இரும்பின் கனமும் கம்பெனிப் பெயரும் அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, ‘ஓடுகிறது’ என்பது வேறு, ‘உதவுகிறது’ என்பது வேறு. கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு கார்பன் இழை பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. இன்று அது தருவது சுமார் 4 வாட் பல்பின் மங்கல் வெளிச்சம். அதிசயம்தான், ஆனால் அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாது. வீட்டில் இருக்கும் பழைய பொருளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கீழே வருவது இருபது, முப்பது வருஷம் தாண்டிய ஐந்து பொருட்களைப் பற்றிய மதிப்பீடு.

சீலிங் ஃபேன்

வீட்டில் அதிக நாள் உழைக்கும் மோட்டார் இதுதான். உள்ளே இருப்பது கெப்பாசிட்டர் போட்ட இண்டக்‌ஷன் மோட்டார். கார்பன் கிடையாது, பல்சக்கரம் கிடையாது, பெல்ட் கிடையாது. காயில் நடுத்தண்டோடு அசையாமல் நிற்கிறது, வெளிக்கூடுதான் சுற்றுகிறது. காயில் 14 காந்த முனை (போல்) கொண்டது என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 428 சுற்றை அது தாண்டவே முடியாது. 1200 மி.மீ. ஃபேன்கள் நடைமுறையில் 350 முதல் 380 சுற்று வரை ஓடும். ஆயுளின் ரகசியம் இந்த நிதானம். தேய்வதற்கு உள்ளே இருப்பது இரண்டு பேரிங், நாளாக நாளாகப் பலம் குறைவது ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது, உறுமுகிறது என்றால் பத்துக்கு ஒன்பது தடவை கெப்பாசிட்டர்தான். மேல் கிண்ணத்துக்குள் இருக்கும். பெரும்பாலும் 2.25 அல்லது 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றி, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 2.5 என்று அச்சடித்தது 1.8 காட்டினால் தூக்கிப் போடலாம். மாற்றும்போது அதே மதிப்பு, 440 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டது. “கொஞ்சம் பெரிசாப் போட்டா இன்னும் வேகமா ஓடும்” என்று 4 மைக்ரோஃபாரட் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாள் வேகம் தெரியும். அதற்குள் துணைக் காயிலில் தேவைக்கு மேல் கரண்ட் பாய்ந்து, எனாமல் கருகி, கடைசியில் ஃபேனே போய்விடும்.

கரகர சத்தம் பேரிங்கிலிருந்து வருகிறது. சுவிட்சை அணைத்த பின் எவ்வளவு நேரம் தானாகச் சுற்றி நிற்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சட்டென்று நின்றால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அல்லது குண்டுகள் குழி விழுந்திருக்கின்றன. வெளியிலிருந்து எண்ணெய் விடுவது வீண். அது பேரிங்குக்குப் போகாது, காயிலில் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கூட்டைப் பிரித்துப் பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். வழக்கமாக 6201, 6202 என்று இருக்கும். 6201 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 32, அகலம் 10 மி.மீ. 6202 என்றால் 15, 35, 11. இந்த அளவுகள் உலகம் முழுக்க ஒன்றே. ஐம்பது வருஷ ஃபேனுக்கும் புதுப் பேரிங் கச்சிதமாக உட்காருவது இதனால்தான். எண்ணுக்குப் பின்னால் ‘இசட் இசட்’ என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி. ஃபேனுக்கு அது போதும்.

பிரிக்கும் முன் மேல்கூடு, கீழ்க்கூடு இரண்டின் மீதும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது கோடு கோட்டோடு சேராவிட்டால் சமநிலை கெட்டு ஃபேன் ஆடும். பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் தட்ட வேண்டும், கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும். மாற்றித் தட்டினால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போகும். புதுப் பேரிங் ஒரு மாதத்தில் கத்த ஆரம்பிப்பது பெரும்பாலும் இதனால்தான். பேரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

தண்டின் துளை வழியே வரும் வயர்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய ரப்பர், பருத்தி உறை விரலால் தொட்டாலே உதிரும். உதிர்ந்தால் காயில் முனைவரை வெட்டி, புது வயர் பற்ற வைத்து, கண்ணாடி இழை ஸ்லீவ் போட வேண்டும். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றினால் அந்தச் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். எல்லாம் முடிந்ததும் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) காயிலுக்கும் கூட்டுக்கும் இடையே சோதிக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மாட்டவே கூடாது.

றெக்கைகள் எடை பார்த்துச் சேர்த்த ஒரே செட். இன்னொரு ஃபேனிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டால் ஆட்டம் நிச்சயம். தானாகவே ஆடினால், ஒரு குச்சியைச் சீலிங்குக்கும் றெக்கை முனைக்கும் இடையே நிறுத்தி ஒவ்வொரு முனையாக அளங்கள். ஒன்று மட்டும் அரை செ.மீ. ஏறியோ இறங்கியோ இருந்தால் அதன் அடித்தகடு வளைந்திருக்கிறது.

இதையெல்லாம் விட முக்கியமானது, யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. மேல் கிண்ணத்தைக் கீழே இறக்கினால் கொக்கியில் மாட்டிய ரப்பர் உருளை, அதன் நடுவே போகும் போல்ட், போல்ட் கழலாமல் பிடிக்கும் பிளவு பின் மூன்றும் தெரியும். முப்பது வருஷ ரப்பர் கல்லாகி வெடித்திருக்கும். போல்டின் நடுப்பகுதி உரசி உரசி மெலிந்திருக்கும். பின் துருப்பிடித்துப் பாதி உடைந்திருக்கும், சில ஃபேன்களில் இருக்கவே இருக்காது. மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இந்த மூன்றையும் மாற்றாமல் அந்த ஃபேனுக்குக் கீழே கட்டில் போடக் கூடாது. கீழ்ப்பக்கம் ராடு மோட்டாரோடு சேரும் இடத்திலும் இதேபோல ஒரு போல்டும் பின்னும் உண்டு, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கரண்ட் கணக்கு. பழைய ஃபேன் 75 வாட் என்று வைத்தால் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு 0.9 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் (காந்தமும் எலக்ட்ரானிக் போர்டும் வைத்து ஓடும் புது வகை) 30 வாட் என்றால் 0.36 யூனிட். வருஷத்துக்கு வித்தியாசம் சுமார் 197 யூனிட். படுக்கையறை மாதிரி விடிய விடிய ஓடும் இடத்தில் பழசைப் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை. எப்போதாவது போடும் அறைக்கு அதை மாற்றிவிடலாம். அங்கே அது இன்னும் இருபது வருஷம் ஓடும். மறுபக்கமும் உண்டு. பி.எல்.டி.சி. ஃபேனின் ஆயுள் அதன் எலக்ட்ரானிக் போர்டின் ஆயுள்தான். போர்டு போனால் அதே மாடலின் போர்டுதான் வேண்டும், 6202 மாதிரி உலகப் பொது எண் அதற்குக் கிடையாது. எது எப்படியானாலும், சூடேறும் பழைய பெட்டி ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமாக வேண்டிய கரண்டில் ஒரு பங்கை அது சூடாகவே கரைத்துவிடுகிறது. கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் அதே இடத்தில் பொருந்தும்.

காயில் எரிந்துவிட்டால்? புதிதாகக் காயில் கட்டித் தருவார்கள். ஆனால் அதே சுற்று எண்ணிக்கை, அதே கேஜ் கம்பி என்பது அபூர்வம். வேகம் குறையும், கூடு சுடும். மூலக் காயில் போன ஃபேனின் கதை முடிந்தது என்பதே நேர்மையான மதிப்பீடு.

கறுப்பு வார்ப்பிரும்புத் தையல் மிஷின்

இந்தப் பட்டியலில் சந்தேகமே இல்லாமல் முதலிடம் இதற்குத்தான். சிங்கர் கம்பெனியின் 15-ஆம் வகுப்பு வடிவமும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் அதைப் பார்த்துப் பெருமளவில் செய்த நகல்களும், பிறகு பல நாடுகளில் வந்த நகல்களின் நகல்களும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே மிஷின். நேர்த்தையல் மட்டும்தான் போடும். அதை மெல்லிய துணியிலும் போடும், மடித்த ஜீன்ஸ் ஓரத்திலும் போடும். உள்ளே நைலான் பல்சக்கரம் இல்லை. பிற்காலத்து ஜிக்ஜாக் மிஷின்கள் பல இந்த நைலான் வெடித்துத்தான் மூலைக்குப் போயின.

ஊசி, பாபின் இரண்டும் இன்றும் விற்கும் அளவுகளே. ஊசி 15×1, தட்டைக் கழுத்து வகை. பாபின் 15-ஆம் வகுப்பு, சுமார் 20 மி.மீ. விட்டம், தட்டையான பக்கங்கள். புது மிஷினுக்கான, பக்கம் லேசாக உப்பிய பிளாஸ்டிக் பாபின் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதைப் போட்டால் கேஸுக்குள் தடுமாறி நூல் இழுவை மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த மிஷின்கள் கெடுவதில்லை, இறுகிப்போகின்றன. சமையல் எண்ணெய் விட்டதுதான் காரணம். அது சில மாதங்களில் பிசினாகி, பழுப்பு வார்னிஷ் பூசியதுபோல உறைகிறது. சக்கரம் அசையவில்லை என்று முறுக்கக் கூடாது. தலையைப் பின்பக்கம் சாய்த்து, அசையும் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும் விட வேண்டும். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் இளகும். பழுப்பு நீர் வடிவது நிற்கும்வரை துடைத்து, அதன் பிறகு தையல் மிஷின் ஆயில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு. மண்ணெண்ணெய் கழுவத்தான், வழுக்க அல்ல. அதோடு விட்டுவிட்டு ஓட்டினால் இரும்பு இரும்போடு உரசும். உடம்பில் இருக்கும் தங்கநிறச் சித்திரத்தின் மேல் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ பட்டால் அது கையோடு வந்துவிடும். அங்கே மிஷின் ஆயில் தொட்ட பஞ்சு மட்டும்.

அடுத்த பெரிய புகார், தையல் விட்டு விட்டு விழுவது. முதலில் ஊசியை மாற்றுங்கள், பாதிப் புகார் அங்கேயே முடியும். ஊசியின் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும், தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், விதி மாறாது. ஊசி குழிக்குள் கடைசிவரை ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2 மி.மீ. இறங்கி நின்றாலே ஷட்டில் (ஊசி நூலைப் பிடித்து அடிநூலோடு கோர்க்கும் கொக்கி) நூலைப் பிடிக்காது. இதெல்லாம் சரியென்றால் டைமிங். தகட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு, திரும்பி சுமார் 2 மி.மீ. ஏறும்போது ஷட்டிலின் கூர்முனை ஊசிக் கண்ணுக்குச் சற்றே மேலே, ஊசியை உரசாத குறையாக, கடக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கடந்தால் ஊசிக்கம்பி ஏறியிருக்கிறது. முகத்தகட்டுக்குப் பின்னால் ஊசிக்கம்பியைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி இறக்க வேண்டும். கூர்முனை மழுங்கியிருந்தால் ஷட்டிலையே மாற்றுவது மேல். அது தனியாகக் கிடைக்கும்.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் பாபின் கேஸைத்தான் திருகுகிறார்கள். தப்பு அங்கே இல்லை, மேல் நூலில் இருக்கிறது. டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரவில்லை, அல்லது தட்டுக்குள் பழைய நூல் துணுக்கு சிக்கியிருக்கிறது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூல் கோர்த்தால் தட்டுகள் விரிந்து நூல் உள்ளே இறங்கும். பாபின் கேஸ் இழுவைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது, கையை லேசாக வெட்டினால் ஒரு விரலளவு இறங்கி நிற்க வேண்டும்.

மிதிக்கும் வகையில் தோல் பெல்ட் நீண்டுவிட்டால் நழுவும். கொக்கியைப் பிரித்து ஒரு செ.மீ. வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டினால் போதும். கைச்சக்கரத்தின் நடு முடிச்சைத் தளர்த்தியும் பாபின் சுற்றும்போது ஊசி ஆடிக்கொண்டே இருந்தால், முடிச்சுக்கு உள்ளே இருக்கும் காது வைத்த வாஷர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. கழற்றி அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள்.

பழசாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, கீழே துணியைத் தள்ளும் பல். விரலால் தடவினால் கூர் தெரிய வேண்டும். மழுங்கியிருந்தால் மாற்றலாம், ஆனால் அந்த மிஷின் நிறைய உழைத்திருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. 1900-க்குப் பிறகு வந்த சிங்கர் என்றால் வரிசை எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கும். அதை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடிக்கலாம். தலை அசல், மேஜை வேறு என்பது சகஜம், அது குறையல்ல.

மிக்ஸி

இதற்கு அதே பாராட்டைத் தர முடியாது. யுனிவர்சல் மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேலும் ஓடக்கூடியது, கார்பன் உரசிக்கொண்டே ஓடுகிறது. முப்பது வருஷம் நின்ற மிக்ஸி என்றால் அதில் கார்பனும், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும் பலமுறை மாறியிருக்கும். அதில் வெட்கமில்லை, அதற்காகத்தான் அவை அப்படிச் செய்யப்பட்டன. ஜார் இறுகினால் ரப்பர் கப்ளர் அறுந்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. “அடிக்கடி போகிறது” என்று உலோகக் கப்ளர் கேட்டு வாங்குவது, போக வேண்டியதைக் காப்பாற்றி மோட்டாரைப் பலி கொடுப்பது.

கப்ளரைக் கழற்ற, அடியில் தண்டை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுற்றும் திசையிலேயே கப்ளரைத் திருக வேண்டும். எதிர்த்திசையில் திருகினால் மேலும் இறுகும். கார்பன் 6 மி.மீ.க்குக் குறைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் நைஸான மணல் தாள் போதும். எமரித் தாளின் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். ஓடும்போது கார்பன் அருகே சின்னப் பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி முழு வளையமாக நெருப்பு தெரிந்தால் ஆர்மேச்சர் போய்விட்டது, செலவு செய்யாதீர்கள்.

பழைய மிக்ஸிகளைக் கொல்வது மோட்டாரை விட ஜார்தான். ஜாரின் அடி புஷ் தேய்ந்து கசிகிற நீர், தண்டு வழியாக மேல் பேரிங்குக்குப் போகிறது. ஜாரில் தண்ணீர் ஊற்றி ஒரு பேப்பர் மேல் பத்து நிமிடம் வையுங்கள். பேப்பர் நனைந்தால் புஷ் மாற்றும்வரை அந்த ஜாரை மிக்ஸி மேல் வைக்க வேண்டாம்.

அயர்ன் பாக்ஸ்

கனமான பழைய அயர்ன் பாக்ஸ் உள்ளே மைக்கா தகட்டில் சுற்றிய நிக்ரோம் பட்டை, அதன் மேல் அழுத்துத் தகடு, அதைப் பிடிக்கும் இரண்டு நட்டு. எலிமென்ட் மாற்றுவது சுலபம். மாற்றியபின் நட்டை நன்றாக முடுக்காவிட்டால் முனை சூடேறிக் கருகும். ஆனால் இரண்டு விஷயத்தில் தயவு காட்ட முடியாது. தெர்மோஸ்டாட் இல்லாத மாடல் சுவிட்சை மறந்தால் சிவக்கச் சிவக்கச் சூடேறும், அதை ஓரம் கட்டுங்கள். அடுத்தது, பழைய பெட்டிகள் சிலவற்றில் எலிமென்ட்டுக்கு மேல் சாம்பல் வெள்ளை நிறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இருக்கும். பிரித்ததும் அது தெரிந்தால் சுரண்டவோ ஊதவோ கூடாது. ஈரப்படுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பெட்டியோடு சேர்த்தே கழித்துவிட வேண்டும். எர்த் இல்லாத இரண்டு பின் வயர் போட்ட உலோகப் பெட்டிக்கும் அதே கதிதான், மூன்று பின் வயர் போட்டு உடம்பில் எர்த் பற்ற வைக்க முடியாதென்றால்.

ஃப்ரிட்ஜ்

பழைய ஃப்ரிட்ஜ் ஓடுவது உண்மை. 1927-இல் ஜெனரல் எலக்ட்ரிக் விற்ற, கம்ப்ரசரைத் தலையில் வைத்த மானிட்டர் டாப் மாடலில் சில இன்னும் குளிரூட்டுகின்றன. அவற்றில் இருந்தது சல்ஃபர் டை ஆக்சைடு, மூச்சை அடைக்கும் வாயு. வேடிக்கைக்காகக்கூட அதன் குழாயில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. சீல் செய்த கம்ப்ரசரில் கழற்றித் தேய்மானம் பார்க்க எதுவுமில்லை. எண்ணெய் உள்ளேயே சுழல்கிறது, வெளிக்காற்று புகாது. ஆகவே ஓடும்வரை ஓடும், நின்றால் நின்றதுதான்.

நிற்பதற்கு முன் மூன்று விஷயம் பார்க்கலாம். சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்டு ஓடாமல் இருந்தால் முதலில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே. கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலத்தால் அதன் வில்லை உடைந்திருக்கிறது. ரிலே சரி என்றால் கம்ப்ரசரின் மூன்று பின்களுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். சிறிய இரண்டு அளவைக் கூட்டினால் பெரிய அளவு வர வேண்டும். எந்தப் பின்னுக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் தொடர்பு காட்டக் கூடாது. மூன்றாவது கதவு கேஸ்கட். ஒரு காகிதத்தை நடுவே வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. சுருங்கிய கேஸ்கட்டை வெந்நீர்த் துணியால் ஒத்தி நீவினால் பல சமயம் உருவம் திரும்பும்.

கேஸ் இறங்கிவிட்டால் அத்தோடு விடுவதுதான் புத்தி. பழையவற்றில் இருந்த குளிரூட்டும் வாயு ஆர்-12, ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 1996-லும் வளரும் நாடுகள் 2010-லும் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டன. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ, பழைய கம்ப்ரசரில் இருக்கும் மினரல் ஆயிலோடு கலக்காது. எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலவையை நிரப்பித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. பழைய ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் விளக்கு சுவிட்சும் பெட்டிக்கு உள்ளேயே பொறி விடும் வகை, அந்தக் கலவையும் உள்ளே கசியும் என்பதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றை 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு 2 யூனிட்டைத் தாண்டினால் பழசைப் போற்றுவது அதிகச் செலவுள்ள பக்தி. புதிய நடுத்தர ஃப்ரிட்ஜ்கள் பல 1 யூனிட்டுக்குள் அடங்குகின்றன.

கழிக்கும்போது ஒன்று. காந்தக் கேஸ்கட் வருவதற்கு முந்தைய மாடல்களில் கதவு கொக்கிப் பூட்டோடு வரும், உள்ளேயிருந்து தள்ளினால் திறக்காது. விளையாட்டாக உள்ளே ஒளிந்த குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்திருக்கிறார்கள். அதனால்தான் உள்ளிருந்து திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டமே போட்டது. அப்படிப்பட்ட பெட்டியை வராந்தாவிலோ தெருவிலோ ஒரு மணி நேரம் வைப்பதாக இருந்தாலும், கீல் திருகுகளைக் கழற்றிக் கதவைத் தனியாக எடுத்த பிறகு வையுங்கள்.